கையால் போர்வை தைக்க எந்த நூல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே துண்டுத் துணிகளை ஒட்டிய விரிப்பு, நடுவில் ஒரு பழைய சாரம் அல்லது மெல்லிய பஞ்சுத் தட்டு, கீழே இன்னொரு துணி. இந்த மூன்றையும் கையால் ஓட்டத் தையல் போட்டு ஒன்றாக்கினால் அது ஒட்டுப் போர்வை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சனம் குவில்ட் என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் சிலர் கூடியிருந்து இதைத் தைக்கிறோம். துணியைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. துணி வீட்டில் கிடக்கிறது. சந்தேகமெல்லாம் நூலில்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, வீட்டில மெசின் நூல் கிடக்குது. அதாலயே தைக்கலாமோ?

பழகுவதற்குத் தைக்கலாம். ஆனால் முழுப் போர்வைக்கு அது தோதான நூல் இல்லை. மெசினில் நூல் துணிக்குள் ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். கையால் தைக்கும்போது ஊசிக் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே நூல், ஒரு முழ நீளம் முடிவதற்குள் நூறு தடவைக்கு மேல் துணிக்குள்ளால் போய் வரும். மெல்லிய மெசின் நூல் அந்த உரசலில் பஞ்சு பறந்து, மெலிந்து, அறும். தையலும் துணிக்குள் புதைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாது.

கையால் தைக்க வேண்டிய நூல் பருத்தி நூல். மெசின் நூலை விடக் கொஞ்சம் தடிப்பாக, இறுகத் திரித்ததாக இருக்க வேண்டும். அது இங்கே எந்தப் பெயரில் கிடைக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

லேபிள் கிழிஞ்சு போச்சு. பருத்தியோ பொலியெஸ்டரோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு சாண் நூலை வெட்டிக் குறட்டால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நின்று நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவது போல மணந்து எரியும். மிச்சம் விரலால் தொட்டால் உதிரும் சாம்பல். பொலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்புப் புகை விடும், ஆறியதும் நுனியில் கட்டியாக ஒரு மணி நிற்கும். இரண்டும் கலந்த நூல் என்றால் எரியவும் செய்யும், கொஞ்சம் கட்டியும் நிற்கும்.

பட்டம் விடுற நூல் எவ்வளவு பலம்! அதால தைச்சால் பரம்பரைக்கும் நிக்குமெல்லோ?

நிற்கும், நூல் மட்டும் நிற்கும். துணி நிற்காது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆளை விடப் பெரிய பட்டங்களை இழுத்துப் பிடிக்கும் நூலுக்கு ஒரே வேலைதான், அறாமல் இருப்பது. போர்வை நூலுக்கு வேலை வேறு. பிள்ளை போர்வையைப் பிடித்து இழுக்கும்போது, ஈரத்தோடு கொடியில் தொங்கும்போது, தையலில் பாரம் விழுகிறது. அந்த நேரம் ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நூல் அறுந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பத் தைக்கலாம். துணி கிழிந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அது அம்மம்மாவின் சீலைத் துண்டு என்றால் மாற்றுவதற்கு வேறு துண்டும் இல்லை.

ஆகவே துணியை விட ஒரு படி பலம் குறைந்த நூலே போர்வைக்கு நல்ல நூல். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன. பொலியெஸ்டர் நூல் துணியை அறுத்துவிடும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். புதிதாக வாங்கிய கெட்டியான பொப்ளினில் அப்படிப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நாங்கள் இங்கே பெரும்பாலும் தைப்பது பத்து இருபது வருடம் உடுத்து இளைத்த துணி. அதற்குப் பருத்தி நூல்தான் போட வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

40, 50, 120 எண்டு எழுதியிருக்கு. கூடின நம்பர்தானே தடிப்பு?

இல்லை, மறுவளம். எண் கூடக் கூட நூல் மெலியும். பரவலாக இருக்கும் ஒரு கணக்கில் 40 என்றால் அந்த நூல் 40 கிலோமீட்டர் நீளம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ நிறை வரும். 50 என்றால் 50 கிலோமீட்டர் வேண்டும், அப்போது அது மெல்லிய நூல்தானே. எல்லாக் கொம்பனியும் இதே கணக்கில் எழுதுவதில்லை. அதனால் ஒரு கொம்பனியின் 40ஐ இன்னொரு கொம்பனியின் 40ஓடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட வேண்டாம், விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள். 120 என்று பெரிய கோனில் வருவது ஆடைத் தொழிற்சாலைகளில் பாவிக்கும் மெல்லிய பொலியெஸ்டர்.

40/3 என்று சாய்கோடு போட்டு எழுதியிருந்தால் பின்னால் வரும் 3, எத்தனை புரியைச் சேர்த்துத் திரித்தது என்பதைச் சொல்கிறது. கைத்தையலுக்கு 28 முதல் 40 வரையான பருத்தி நூல் அளவானது. டெக்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் கணக்கு நேராகும். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ், அதில் எண் கூடினால் நூலும் தடிக்கும்.

கடையில குவில்ட் நூல் கேட்டால் அப்பிடி ஒண்டு இல்லையெண்டுகினம். யாழ்ப்பாணத்தில என்னத்தை வாங்கிறது?

அந்தப் பெயரில் கேட்டால் கிடைப்பது கஷ்டம். பூவேலை நூல் என்று கேளுங்கள், அல்லது ஆங்கர் நூல் என்று கேளுங்கள். நகரத்துச் சந்தைப் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளிலும், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பான்சிக் கடைகளிலும் இது இருக்கும். 8 மீட்டர் நீளச் சிறு கட்டாக வரும், பிரித்துப் பார்த்தால் ஆறு இழை. நல்ல நீள நார்ப் பருத்தி, சாயமும் பிடித்து நிற்கும்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஆள் போனால் பேர்ள் கொட்டன் என்று ஒன்றைச் சொல்லி விடுங்கள். இது இழை பிரியாத, முறுக்குத் தெரியும் பளபளப்பான நூல். 5, 8, 12 என்ற எண்களில் பந்தாக வரும், இங்கேயும் எண் கூடினால் மெல்லியது. போர்வைக்கு 8 நல்லது. மெல்லிய சீலைத் துணிக்கு 12. 5 எனக்குப் பிடிப்பதில்லை, ஒவ்வொரு தையலுக்கும் துணியில் பெரிய ஓட்டை விழும்.

மேர்சரைஸ்ட் எண்டு லேபிளில கிடக்கு. அது நல்லதோ கெட்டதோ?

நல்லது. பருத்தி நூலைக் காரக் கரைசலில் தோய்த்துப் பதப்படுத்தியது என்று அர்த்தம். ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் 1844 இல் கண்டுபிடித்த முறை, அவர் பெயரே நூலுக்கு நின்றுவிட்டது. தோய்க்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் வரும் என்பது அதற்குப் பல வருடம் பிந்தித்தான் தெரிய வந்தது. இப்படிப் பதப்படுத்திய நூல் பலம் கூடியது, சாயத்தை நன்றாக உறிஞ்சும், பஞ்சு குறைவாகப் பறக்கும்.

ஆங்கர் நூலை ஆறு இழையோட அப்பிடியே தைக்கலாமோ?

வேண்டாம். இரண்டு இழை போதும். கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும், துணியும் கைத்தறி போல ஐதான நெசவு என்றால் மூன்று. ஆறு இழையை இழுக்க இழுக்க விரல்தான் நோகும்.

இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் மற்ற நான்கும் சிக்கும். ஒவ்வொரு இழையாக உருவி எடுத்து, பிறகு இரண்டையும் நுனி சேர்த்து ஊசியில் கோருங்கள். நேரம் போகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அரைமணி நேரம் சிக்கெடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

எந்த ஊசி எடுக்கிறது? இருக்கிற ஊசியில நூல் கோர்படுதேயில்லை.

நூலைப் பார்த்து ஊசி. இரண்டு இழைக்கும் பேர்ள் 8க்கும் காது நீண்ட பூவேலை ஊசி. ஒற்றை மெல்லிய நூலால் சின்னச் சின்னத் தையல் போடுகிறவர்கள் பிற்வீன்ஸ் எனப்படும் கட்டை ஊசியைத் தேடி எடுங்கள், பழக 8 அல்லது 9 நல்லது. ஊசியிலும் எண் கூடினால் சின்னது. நூல் காதுக்குள் இறுகினால் ஒவ்வொரு தடவையும் அங்கேயே தேயும். காது பெரிதாக இருந்து நூல் மெல்லியதென்றால் ஓட்டை தெரியும், நடுவில் பஞ்சு வைத்திருந்தால் அந்த ஓட்டையால் பஞ்சும் எட்டிப் பார்க்கும்.

ஒரு அங்குலத்துக்கு எத்தினை தையல் விழவேணும்? நூலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கோ?

இருக்கிறது. பேர்ள் 8 அல்லது இரண்டு இழை என்றால் மேற்பக்கம் எண்ணிப் பார்க்க நான்கு அல்லது ஐந்து. மெல்லிய ஒற்றை நூலென்றால் ஆறு, ஏழு. கை பழகியவர்கள் பத்துக்கு மேலும் போடுவார்கள். தடித்த நூலில் பத்துப் போட முயன்றால் துணி கட்டைபோல விறைக்கும். எண்ணிக்கையை விடத் தையல் எல்லாம் ஒரே அளவாக இருப்பதுதான் அழகு. நான்கு விழுந்தாலும் நான்கும் ஒன்றுபோல் விழட்டும்.

அன்ரி, ஒவ்வொரு முறையும் நூல் முறுகி முடிச்சு விழுது. நூல் பிழையோ, என்ர கை பிழையோ?

பெரும்பாலும் நீளம்தான் பிழை. அடிக்கடி ஊசி கோர்க்கப் பஞ்சிப்பட்டு இரண்டு முழம் எடுத்திருப்பீர்கள். ஒரு முழம், அதாவது 18 அங்குலம் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, திசை. நூல்கட்டையிலிருந்து முதலில் வரும் நுனியை ஊசியில் கோர்த்துவிட்டு, பிறகு வெட்டி, வெட்டிய நுனியில் முடிச்சுப் போடுங்கள். அப்போது நூல் தன் முறுக்கோடு ஒத்துப் போகும். அப்படியும் முறுகினால் நாலைந்து தையலுக்கு ஒருமுறை போர்வையைக் கொஞ்சம் தூக்கி ஊசியைத் தொங்க விடுங்கள், அது தானாகச் சுழன்று முறுக்கை விடும். பங்குனி, சித்திரை வெக்கையில் கை வியர்த்தும் நூல் ஒட்டும். பக்கத்தில் ஒரு துவாய் வைத்திருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தயவுசெய்து நூலைத் தொட வேண்டாம், தேங்காய் எண்ணெய்க் கறை வெளிர் நிறத் துணியில் இலகுவில் போகாது.

நூலுக்கு மெழுகு பூசவேணுமோ? வீட்டில மெழுகுதிரி இருக்கு.

சாதாரணப் பருத்தி நூலுக்குப் பூசினால் நல்லது. பஞ்சு பறக்காது, முறுகல் குறையும். ஆனால் மெழுகுதிரி வேண்டாம், அது பொருக்காக உதிரும். தேன்மெழுகுத் துண்டு ஒன்று தேடி எடுத்து நூலை அதன் மேல் இரண்டு தடவை இழுங்கள். பிறகு நூலை இரண்டு கடதாசிக்கு நடுவில் வைத்து இளஞ்சூட்டில் அயன் பண்ணுங்கள். மெழுகு நூலுக்குள் இறங்கும், கூடினது கடதாசியில் நிற்கும். இந்த அயன் வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் மேலே நிற்கும் மெழுகு இளகித் துணியில் ஒட்டி, தூசியையும் பிடித்து, தையல் ஓரமெல்லாம் அழுக்குக் கோடு விழும்.

ஆங்கர், பேர்ள் நூல்களுக்கு மெழுகு தேவையில்லை. அவற்றின் பளபளப்புத்தான் போகும்.

கனடாவில இருந்து சித்தி கைத்தையல் குவில்ட் நூல் கொண்டுவந்தவ. மிச்சத்தை மெசினில போடலாமோ?

கூடாது. அந்த நூல் விறைப்பாக, வழுவழுப்பாக இருக்கும், தொட்டுப் பாருங்கள். மேலே மெழுகோ பசையோ பூசியிருப்பார்கள். கைக்கு அது நல்ல சுகம், முறுகாது, மேற்கொண்டு மெழுகும் வேண்டாம். மெசினில் போட்டால் அந்தப் பூச்சு உரிந்து நூல் போகும் தட்டுகளுக்குள் அடையும், பிறகு எந்த நூலைப் போட்டாலும் இழுவை சரிவராது. சித்திக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த போர்வைக்கு எடுத்து வையுங்கள்.

ஒரு தொட்டில் போர்வைக்கு எத்தினை கட்டு நூல் வாங்கவேணும்?

36 அங்குல அகலம், 45 அங்குல நீளம் என்று வைப்போம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் தைக்கிறீர்கள். குறுக்கே 22 கோடு, ஒவ்வொன்றும் 36 அங்குலம். நெடுக்கே 18 கோடு, ஒவ்வொன்றும் 45 அங்குலம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 41 மீட்டர். நூல் மேலும் கீழும் போவதற்கும், முடிச்சுக்கும், வெட்டி எறியும் நுனிகளுக்கும் அதில் பாதியைக் கூட்டினால் 61 மீட்டர் அளவு.

ஆங்கர் கட்டு ஒன்றை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் தைக்கலாம். ஆகவே மூன்று கட்டு. பேர்ள் 8 என்றால் 10 கிராம் பந்து ஒன்றில் சுமார் 80 மீட்டர் இருக்கும், ஒரு பந்து காணும். எதுவானாலும் ஒன்று கூட வாங்குங்கள். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

என்ன நிறம் எடுக்கிறது? போர்வையில பத்து நிறம் இருக்கே.

தையல் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள். மறைய வேண்டுமென்றால் இளம் சாம்பல் அல்லது பால் நிறம், பத்து நிறத்துக்கும் ஒத்துப்போகும். தெரிய வேண்டுமென்றால் எதிர் நிறம். கை பழகாதவர்கள் கறுப்புத் துணியில் வெள்ளை நூல் போட்டால் ஒவ்வொரு கோணலும் தூரத்திலிருந்தே தெரியும். கொஞ்சக் காலம் பொறுங்கள்.

கட்டையில் பார்க்கும் நிறமும் துணியில் விழும் நிறமும் ஒன்றல்ல. ஒற்றை நூலாகப் பிரித்தால் நிறம் வெளிறும். ஒரு முழ நூலைத் துணிமேல் நீட்டிப் போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் துணிக்குக் கடும் நிற நூல் எடுத்தால், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உள்ளால் நூலை ஓட்ட வேண்டாம். அந்த நிழல் மேலே தெரியும்.

சிவப்பு நூல் கழுவேக்க சாயம் விடுமோ?

விடக்கூடும், கருநீலமும் அப்படித்தான். ஒரு முழ நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணித் துண்டுக்குள் மடித்து மேலே சூடான அயனை அழுத்துங்கள். வெள்ளையில் கோடு விழுந்தால் அந்த நூலைப் பிள்ளையின் போர்வைக்குப் போட வேண்டாம்.

முடிச்சை உள்ளுக்க இழுத்து ஒளிக்கச் சொல்லுகினம். எனக்கு அது நிக்குதேயில்லை.

நடுவில் பஞ்சு இருந்தால்தான் முடிச்சு அதற்குள் போய் ஒளியும். நாங்கள் வைப்பது பழைய சாரம் அல்லது சீலை, அங்கே ஒளிய இடமில்லை. பேர்ள் நூலின் முடிச்சு பெரிது, இழுத்தால் துணியில் ஓட்டைதான் மிஞ்சும். முடிச்சே போடாமல், கோட்டின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் இரண்டு சின்னப் பின்தையல் போட்டு, நூல் நுனியை இரண்டு துணிக்கும் நடுவில் ஓர் அங்குலம் ஓட்டி வெட்டுங்கள். முடிக்கும்போதும் அப்படியே. நான் எல்லாப் போர்வையும் இப்படித்தான் முடிக்கிறேன், கழன்றதில்லை.

அம்மம்மாவின்ர பெட்டியில மரக்கட்டை நூல் கிடந்தது. பாவிக்கலாமோ?

ஒரு முழத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று இழுங்கள். இறுக்கமாக எதிர்த்து ஓசையோடு அறுந்தால் நூலுக்கு உயிர் இருக்கிறது. பஞ்சுபோல மெதுவாக விட்டுவிட்டால் அது உக்கிப்போன நூல். மேற்சுற்று வெயிலும் ஈரமும் பட்டு உக்கியிருக்கலாம், பத்துப் பதினைந்து சுற்றை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

உக்கியிருந்தாலும் எறிய வேண்டாம். துணிகளை ஒன்றாக நிறுத்தப் போடும் தற்காலிகத் தையலுக்கு அதை விட நல்ல நூல் இல்லை, இழுத்தவுடன் வந்துவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்தில் கடையில் நூல் கிடைக்காதபோது என் அம்மா பழைய சீலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவித் தைத்தா. வங்காளத்தில் காந்தா என்னும் பழஞ்சீலைப் போர்வை தைக்கும் பெண்களும் சீலைக் கரையிலிருந்துதான் நூல் எடுத்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தபோது, அம்மா அந்தப் போர்வையை மடித்து வைக்கும் விதம்தான் நினைவுக்கு வந்தது.

பத்திக் துணியில ஊசி இறங்குதேயில்லை. நூலை மாத்தினால் சரிவருமோ?

சரிவரும். மெழுகு பூசிச் சாயம் போடும் பத்திக்குக்கு நெருக்கமான நெசவுத் துணிதான் எடுப்பார்கள், மெழுகும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். முதலில் சுடுதண்ணீரில் தனியாக அலசுங்கள், ஒட்டாமல் மிஞ்சிய சாயமும் அப்போதே போய்விடும். பிறகு பேர்ள் 12 அல்லது ஓரிழை ஆங்கர், அதற்கேற்ற மெல்லிய ஊசி. தடித்த நூலை அந்தத் துணிக்குள் வலிந்து இழுத்தால் தையலைச் சுற்றித் துணி சுருங்கும்.

அப்ப நைலெக்ஸ் சீலைத் துண்டுக்கும் பருத்தி நூல்தானோ?

இங்கேதான் நான் முன்பு சொன்ன கணக்கு மாறுகிறது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் சீலைகள் இலகுவில் கிழியாது, சுருங்கவும் மாட்டாது. முழுப் போர்வையும் அந்த வகைத் துணியென்றால் பொலியெஸ்டர் நூல் பொருந்தும், வெயிலையும் பருத்தியை விட நன்றாகத் தாங்கும். பருத்தித் துண்டும் நைலெக்ஸ் துண்டும் கலந்திருந்தால் மெலிந்த துணியின் பக்கம் நில்லுங்கள், பருத்தி நூல் போடுங்கள்.

தங்கூசி மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்காம். அது எப்பிடி?

வேண்டாம். அயன் சூட்டில் உருகும், நுனி குத்தும், முடிச்சு நிற்காது. பிள்ளைகளின் போர்வைக்கு அது ஆகவே ஆகாது.

எங்கட கிணத்துத் தண்ணியில தோய்ச்சால் நூல் விறைச்சு நிறம் மங்குது. நூல் சரியில்லையோ?

நூலைக் குறை சொல்ல வேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. கட்டிச் சவர்க்காரம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் வெள்ளைப் படிவாகி நூலிலும் துணியிலும் ஒட்டும். சலவைத் தூளை அளவாகக் கரைத்துத் தோய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதை எடுங்கள், நூல் திரும்ப மெதுமெதுப்பாகும். காய விடும்போது போர்வையைப் புறம் மாற்றி நிழலில் போடுங்கள். நேர் வெயில் பருத்தி நூலை நாளடைவில் உக்க வைக்கும்.

பாதியில நூல் முடிஞ்சு போச்சு. அதே நம்பர்தான் வாங்கினன், நிறம் பொருந்துதேயில்லை!

எண் ஒன்றாக இருந்தாலும் வேறு தடவை சாயம் போட்ட நூலில் ஒரு சாயல் வித்தியாசம் வரலாம். அதனால்தான் ஒன்று கூட வாங்கச் சொன்னேன். இப்போது செய்யக்கூடியது இதுதான்: புது நூலை ஒரு மூலையில் மட்டும் போட்டால் அது பிரிந்து தெரியும். கரையோரம் தைத்த கோடுகளை அவிழ்த்து அந்தப் பழைய நூலை நடுவுக்குக் கொண்டு வாருங்கள், சுற்றி வர நான்கு கரைக்கும் புது நூலைப் போடுங்கள். கரைக்கென்றே எடுத்த நிறம் போல இருக்கும். அவிழ்த்த நூல் நைந்திருந்தால், நடுவில் ஒரு கோடு பழையது, ஒரு கோடு புதியது என்று மாறி மாறித் தையுங்கள்.